இரண்டு விரல் தடம்

"சிறுத்தை. அரிமளம் பக்கத்துக் காட்டில் இரண்டு பேரைக் கொன்றது." அந்த அட்டையை டைப் அடித்தவள் நான்தான். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆவூரிலிருந்து வந்து, புதுக்கோட்டையில் ஒரு மியூசியத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் டைரக்டர் விலங்கியல் படித்தவர். கண்மாய் மீனிலிருந்து கோயில் வௌவால் வரை இந்தப் பக்கத்து உயிர்களையெல்லாம் தேடிப் பெயர் எழுதி வைத்தவர். சுட்டுக் கொண்டுவந்த சிறுத்தையைத் தன் கையாலேயே பாடம் செய்து கண்ணாடிக் கூண்டில் நிறுத்தினார். "இனிமே பயமில்லாம விறகுக்குப் போகலாம்" என்று பார்க்க வந்த ஊர்க்காரர்களிடம் அவர்தான் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒரு பெண் வந்தாள். செத்துப்போன இருவரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். கூண்டை இரண்டு முறை சுற்றினாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிறுத்தையின் கால்களையே பார்த்தாள்.

"இது அது இல்லைங்க."

டைரக்டர் சிரிக்கவில்லை. "எப்படிம்மா சொல்றீங்க?"

"அன்னைக்கு நானும் அவகூட இருந்தேங்க. அது எங்கிட்ட இருந்து ரெண்டு ஆள் நீள தூரத்துலதாங்க நின்னுச்சு. வலது முன்னங்கால்ல ரெண்டு விரல் கெடையாது. இதுக்கு எல்லாம் இருக்கே."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த நாத்தனார் செத்த இடத்தில் ஈர மண்ணில் இருந்த காலடித் தடத்தை அவரே பிளாஸ்டரில் வார்த்து எடுத்து வந்திருந்தார். பீரோவைத் திறந்து எடுத்தார். நான்கு விரல் இருக்க வேண்டிய தடத்தில் இரண்டுதான் இருந்தன. மண் சரிந்து மற்ற இரண்டும் அழிந்துவிட்டதாக நினைத்து, கூண்டில் நிற்பதன் காலோடு அவர் அதை ஒப்பிட்டே பார்க்கவில்லை.

அன்றே ஜீப்பில் புறப்பட்டோம். துப்பாக்கியோடு ஒரு காவலர், அந்தப் பெண், டைரக்டர், குறிப்பெடுக்க நான். உச்சி வெயில். காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஒற்றையடிப் பாதையில் ஒரு பாறை வரைக்கும் போனோம். ஒன்றும் தென்படவில்லை. திரும்பும்போது முன்னால் நடந்த அந்தப் பெண் சட்டென்று நின்றாள்.

"ஐயா, இங்கிட்டு பாருங்க."

மணலில் நாங்கள் வந்த தடங்கள் இருந்தன. என் செருப்புத் தடத்தின் மேல் பதிந்திருந்தது ஒரு பாதம். இரண்டே விரல். நான்கு விரல் தடங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப அதே இரண்டு விரல். பாறை வரை அது எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது. வரிசையில் கடைசியாக நடந்தவள் நான்.

ஜீப் வரை டைரக்டர் என்னை முன்னால் விட்டு, தான் கடைசியாக நடந்தார். அன்று சாயங்காலமே அரிமளம் கடைத்தெருவில் அந்த பிளாஸ்டர் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது தப்பு. யாரும் காட்டுக்குள்ள போகாதீங்க" என்று ஒவ்வொரு கடையாகச் சொன்னார். மறுநாள் புது அட்டை அடிக்கச் சொன்னார்: "சிறுத்தை. யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை."

அதன் பிறகு யாரும் சாகவில்லை. அந்த இரண்டு விரல் சிறுத்தையும் யார் கண்ணிலும் படவில்லை. அறுபதுகளில் அவர் ஓய்வு பெற்ற நாளில், அவர் கண்டுபிடித்த நத்தைகளையும் மீன்களையும் பற்றி எல்லோரும் பேசினார்கள். மாலையைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"அன்னைக்கு அது நெனச்சிருந்தா ஒரே தாவல்தான். ஏன் விட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலைம்மா."

இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயதைவிட அதிகம். தெருவில் தனியாக நடக்கும்போது, யாராவது எனக்குப் பின்னால் வந்தால், நின்று அவர்களை முன்னால் போகவிடுகிறேன்.