குடியாத்தம் தாண்டிப் பதில் சொன்ன குரல்

'கதை விடுகிறான்' என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கவலையில்லை. அந்த எஞ்சினில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார். மிச்சம் இருப்பவன் நான்.

1981, பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை விடியற்காலை. நான் தணிகைவேல். மெயில் வண்டியில் டீசல் அசிஸ்டன்ட், அதாவது டிரைவருக்கு உதவியாள். டிரைவர் பஞ்சாட்சரம் அண்ணன். இடது பக்க இருக்கையில் அவர், வலது பக்கத்தில் நான். வெளியே சிக்னல் தெரிய வேண்டும் என்று உள்விளக்கை அணைத்துவிடுவோம். அதனால் இருட்டில் அவர் எனக்கு ஒரு நிழலாகத்தான் தெரிவார்.

எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணாலும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்துவிடும். கண் வேறெங்கோ இருக்கும். நான் அந்த ரகம்.

அன்று என் சட்டைப் பையில் ஒரு குட்டி டிரான்சிஸ்டர். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் என் தோஸ்த் மக்பூல் அகமதுவிடம் இரவல் வாங்கியது. ஒரு காதில் மட்டும் செருகிக்கொள்ள வயர் உண்டு. ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் மேட்ச், கடைசி நாள், நம்மாட்கள் ஜெயிக்கப் போகிறார்கள். நம் ஊர் நேரத்துக்குக் காலை ஐந்தரைக்குக் கமெண்ட்ரி. எஞ்சினில் ரேடியோ கேட்டது தெரிந்தால் வேலை போய்விடும். பின்னால் பதினெட்டுப் பெட்டி ஜனம் எங்களை நம்பித் தூங்குகிறது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கொழுப்பு, வேறென்ன?

5.28. காட்பாடியில் வண்டி புறப்பட்டது.

"இன்னாவோ மாதிரி இருக்குது தணிகை. நெஞ்செல்லாம் கரிக்குது" என்றார் அண்ணன்.

"நைட்டு இன்னாணா சாப்ட்டீங்க?"

"பரோட்டா."

"அப்புறம் கரிக்காம இன்னா பண்ணும்? சோடா குடிச்சா சரியாப்பூடும்."

சிரித்துவிட்டு வயரை வலது காதில் செருகினேன். அந்தக் காது ஜன்னல் பக்கம். அவருக்குத் தெரியாது.

5.44. கவனூர்.

"கிரீன்!" என்றேன்.

"கிரீ...ன்" என்றார். அவர் எப்போதும் இழுத்துத்தான் சொல்வார்.

அதன்பிறகு ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் புரியவில்லை. காதில் ஒரு விக்கெட் விழுந்துகொண்டிருந்தது. திரும்பாமலே கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம்ணா!" என்றேன். மறுபடியும் ஏதோ சொன்னார். நான் திரும்பவில்லை.

5.51. குடியாத்தம். பிளாட்பாரத்து விளக்குகள் சரசரவென்று ஓடின. இது நிற்காத ஸ்டேஷன்.

"கிரீன்!"

"கிரீன்."

சட்டென்று வந்தது பதில். இழுவை இல்லை. அவசரத்தில் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

5.58. வளத்தூர் தாண்டிப் பாலம் வேலை நடக்கும் இடம். வண்டி மெதுவானது. அங்கே விதித்தபடி சரியாக முப்பது கிலோமீட்டர் வேகம். பாலம் கடந்ததும் வேகம் எடுத்தது. அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

6.04. மேல்பட்டி. பனி இறங்கியிருந்தது. பச்சை விளக்கு மங்கலாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

"கிரீன்."

எனக்கு முன்னால் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது அசிஸ்டன்ட் வேலை.

"அண்ணா, குளிருதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கமெண்ட்ரிக்குத் திரும்பிவிட்டேன்.

6.11. பச்சகுப்பம். திடீரென்று கமெண்ட்ரி நின்றது. கொர்ர்ர்... வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து...

"கிரீன்."

அது என் வலது காதில் கேட்டது. வயர் செருகிய காதில்.

வயரைப் பிடுங்கினேன். எழுந்து அண்ணன் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மனுஷனாக இருப்பவன் பார்த்திருப்பான். இன்னும் கொஞ்சம் விக்கெட்தான் பாக்கி என்று மறுபடியும் செருகிக்கொண்டேன்.

6.18. பனியோடு தோல் ஊறும் நாற்றம் உள்ளே வந்தது. ஆம்பூர். நான் குனிந்து டிரான்சிஸ்டர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ரெட்."

"ரெட்" என்றேன். குனிந்தபடியே.

வேகம் குறையவில்லை.

"ரெட்."

"ரெட்ணா! கேட்டுச்சு..."

"ரெட்!"

பிடரியில் மூச்சு பட்டது. ஐஸ் மாதிரி.

நிமிர்ந்தேன்.

சிவப்பு...

"அண்ணா! பிரேக்கு!"

நிழல் அசையவில்லை.

பாய்ந்து அவசர பிரேக்கை இழுத்தேன்.

கிரீச்ச்ச்ச்...

வண்டி சிக்னலைத் தாண்டித்தான் நின்றது. எதிரே, அதே தண்டவாளத்தில், பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டி. நாற்பதடி கூட இருக்காது. தோல் ஷாப் வேலைக்கு வந்த ஜனம் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நிறையப் பேர் பொம்பளைகள்.

டார்ச் அடித்தேன். அண்ணன் ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. கையைத் தொட்டேன்.

சில்லென்றிருந்தது.

டாக்டர் 7.10க்கு வந்தார்.

"கடைசியா எப்பப் பேசினாரு?"

"இப்பதான் சார்... ஆம்பூர் சிக்னல்ல."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உயிர் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுப்பா. மாரடைப்பு. ஆனா பொசுக்குனு போயிருக்காது. கொஞ்ச நேரம் அவஸ்தைப்பட்டிருப்பாரு. உன்னைக் கூப்பிடலையா?"

"இல்ல சார்" என்றேன்.

விசாரணையிலும் அதையேதான் சொன்னேன். டிரைவர் இறந்தபிறகு பாலத்தில் வேகத்தைக் குறைத்ததும், வண்டியை நிறுத்தியதும் நான்தான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். காரியத்தன்று அண்ணனின் மனைவி கங்கம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியே" என்றார். எனக்கு அங்கேயே நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

ஒரு மாதம் கழித்து, குடியாத்தம் ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன் ஆதிகேசவனைப் பார்த்தேன். ஓடும் வண்டிக்குப் பிளாட்பாரத்திலிருந்து பச்சை விளக்குக் காட்டுகிறவர். எஞ்சினிலிருந்து நாங்களும் பதிலுக்குப் பச்சை காட்ட வேண்டும். அன்று டியூட்டியில் அவர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

"அன்னிக்கு வண்டிய நிறுத்திப்புடலாம்னு செவப்பு விளக்கத் தூக்கிட்டேன் தணிகை. பஞ்சாட்சரம் அண்ணன் மாரப் புடிச்சிக்கினு ஜன்னல்ல சாஞ்சிருந்தாரு. நிறுத்தியிருந்தா, இங்கயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்கலாம்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"இன்னா இப்படிக் கேக்குற? நீதான் அவரத் தோள்ல சாச்சிக்கினு தண்ணி குடுத்துக்கினு இருந்தியே. என்னைப் பாத்துப் பச்சை வேற காட்டுன. சரி, நீ பாத்துக்குவேன்னு விட்டுட்டேன்."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பிளாட்பாரம் லைட்டு நேரா அடிச்சுதே. நல்லாப் பாத்தேன். நீயேதான்."

அன்று காட்பாடியிலிருந்து ஆம்பூர் சிக்னல் வரை நான் என் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.