டைல்ஸ் அக்கா தட்டிப் பார்த்த ஃபோர்க்

போன வருடம் பங்குனி மாதம். பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் கசிகிறது என்று தரையை மொத்தமாகப் பெயர்த்துப் போட்டிருந்தோம். அதே வாரத்தில்தான் நான் கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஒரு சைக்கிளைத் துண்டு துண்டாகப் பரப்பி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் சிமெண்ட், இந்தப் பக்கம் கிரீஸ். நடுவில் மாட்டிக்கொண்ட என் மனைவி, "ஏங்க, இந்த வூட்டுல நடக்கறதுக்கு மட்டும் ஒரு வழி விட்ருங்க" என்றார்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுப்பவன். நாற்பது வயதைத் தாண்டியபின் பிடித்த பைத்தியம் இந்தச் சைக்கிள். கிராவல் பைக் என்று சொல்வார்கள். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். ஆனால் டயர் தடிமன். தார் ரோட்டிலும் போகும், செம்மண்ணிலும் சரளையிலும் வாய்க்கால் கரையிலும் போகும். நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா? அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் வெள்ளை மண் பாதைகள், அதைத் தாண்டினால் கொள்ளிடக் கரை. கரையோரம் ஏலாக்குறிச்சியில் என் மாமியார் வீடு. பெரம்பலூரிலிருந்து அங்கே சைக்கிளிலேயே போய் இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய கம்பெனி வண்டியின் விலையைக் கேட்டபோது பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் போலிருந்தது. அதனால் சீனத்துப் பாகங்களாக வாங்கி நானே பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். நான்கு மாதம் இதே வேலை. ஃபிரேம் ஒரு கம்பெனி, கியர் ஒரு கம்பெனி, பிரேக் இன்னொன்று. வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். எங்கே மலிவாக வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பெடல், சீட்டுத் தண்டு, ஹேண்டில் சுற்றும் டேப் இதிலெல்லாம் சிக்கனம். பிரேக்கில் மட்டும் பேச்சே இல்லை, நல்லதாகத்தான். கியரும் சீனத்துச் சரக்குதான், ஆனால் ஏறுவதும் இறங்குவதும் வெண்ணெய் மாதிரி இருந்தது. வந்த ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவேன்.

ஃபோர்க் விஷயத்தில்தான் சபலம் வந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் கால்கள்தான் ஃபோர்க். அலுமினியத்தில் வாங்கியிருக்கலாம். "கார்பன்" என்ற சொல்லுக்கும் அதன் எடையின்மைக்கும் மயங்கி, பெயர் பொறிக்காத ஒரு கார்பன் ஃபோர்க்கை, கரிநாரைப் பசையில் இறுக்கிச் செய்ததை, வாங்கினேன். கையில் எடுத்தால் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி கனமே இல்லை. கருப்பாகப் பளபளவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம். கல்லூரிக்கு விடுப்பு போட்டிருந்தேன். எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஃபோர்க்கின் மேல்தண்டை அளந்து வெட்டி மாட்டினால் வண்டி தயார். ஞாயிறு விடியலில் ஏலாக்குறிச்சிக்குக் கிளம்புவது, மனைவி பஸ்ஸில் முன்னாலேயே போய்விடுவது என்று திட்டம். மாமியார் வீட்டில் கோழி வரை முடிவாகிவிட்டது.

குளியலறையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பெண். சொந்த ஊர் வரதராஜன்பேட்டைப் பக்கம். என் வயதுதான் இருக்கும். தினமும் மொபெட்டில் சாமான் பையோடு வந்து இறங்குவார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நான் ஒற்றை ஆளாகத் தண்டையும் அளவு நாடாவையும் பிடிக்கத் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதக் கொஞ்சம் புடிங்களேன்" என்று ஃபோர்க்கைக் கொடுத்தேன்.

அவர் பிடித்துக்கொண்டார். சும்மா பிடிக்கவில்லை. ஆள்காட்டி விரலை மடக்கி முட்டியால் ஒரு காலைத் தட்டினார். அடுத்த காலைத் தட்டினார். மறுபடி முதல் காலுக்கு வந்தார்.

"சார், இந்தக் கால் மேல ஒரு மாதிரி கேக்குது. பொக்கா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கார்பன்மா. டைல்ஸ் மாதிரி கெட்டியா இருக்காது. உள்ள வெறும் கூடு. பொக்காத்தான் கேக்கும்."

அவர் விடவில்லை. "ரெண்டு காலும் கூடுதான சார்? அப்ப ரெண்டும் ஒண்ணு போலதான கேக்கணும்?"

இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவனிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனிதன் செய்வதை நானும் செய்தேன். "அதெல்லாம் கம்பெனில பாத்துதான் அனுப்புவாங்க. நீங்க டைல்ஸப் பாருங்க" என்றேன். அவர் ஃபோர்க்கைத் தந்துவிட்டு உள்ளே போனார்.

அளந்து கோடு போட்டேன். ரம்பத்தை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஏதேதோ திருகாணிகளை முடுக்கிக்கொண்டு பொழுதைப் போக்கினேன்.

அவர் வேலை முடித்துப் போனபின் மனைவியிடம் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "அவங்க கேட்டதுல என்ன தப்பு? ரெண்டும் ஒண்ணா கேக்கணும்தான?" என்றார். நானும் போய் ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். வலது காலில் மேலிருந்து கீழ்வரை ஒரே 'டிக்'. இடது காலில், இரண்டு காலும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு 'தொப் தொப்' என்றது. அதுவரை என் காதில் ஏன் அது விழவில்லை என்று தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை ஃபோர்க்கைக் கல்லூரிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மேல்தண்டை வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கிக் கட்டி, கால்களின் நுனியைப் பிடித்து என் எடையை மெல்ல மெல்லக் கொடுத்தேன். முழு எடையும் போகவில்லை. சரசரவென்று ஒரு சத்தம். இடது கால் அந்த இடத்திலேயே பிளந்து தொங்கியது. உள்ளே பார்த்தால், பசை படாத வெறும் நார், நடுவில் இடைவெளி. மேலே மட்டும் பளபளப்பு.

பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறு காலை, அரியலூர் லாரிப் பாதை, ஒரு பள்ளம், பின்னால் வரும் லாரி. வரிசையாகக் கண் முன்னால் வந்துபோனது.

வீட்டுக்குப் போனதும் நேராகக் குளியலறை வாசலில் போய் நின்றேன். உடைந்ததைக் காட்டி, "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் முகத்தில் வெற்றிக் களையைக் காணோம். பதறிப்போய், "அய்யய்யோ, பாக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு! ஒடச்சிட்டீங்களே சார்!" என்றார். சமையலறையிலிருந்து மனைவி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்கும்.

டீ குடிக்கும்போது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நான் மொதல்ல சித்தாளா இருந்தேன் சார். கொத்தனாரு ஒட்டிட்டுப் போவாரு, பின்னாலயே தட்டிப் பாப்பேன். அடியில கலவ நெறயலன்னா சத்தம் பொக்கா வரும். இது பொக்கு, அது பொக்குன்னு சொன்னா திட்டு வுழும். கேக்கவே மாட்டாங்க. அப்புறம் எதுக்கு சொல்லிக்கிட்டுன்னு நானே ஒட்டக் கத்துக்கிட்டேன்." சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிறு நாங்கள் இருவரும் பஸ்ஸிலேயே ஏலாக்குறிச்சிக்குப் போய்க் கோழிக்குழம்பு சாப்பிட்டு வந்தோம்.

விற்றவருக்குப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். "நீங்களே ஒடச்சிட்டு அவங்கள எப்படிக் கேப்பீங்க?" என்று மனைவி கேட்டது நியாயம்தான். எனக்கும் நம்பிக்கை இல்லை. மறுநாள் பதில் வந்தது. என் முகவரியில் தமிழ்நாடு என்று பார்த்திருப்பார்கள் போல. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த தமிழில் எழுதியிருந்தார்கள்: "அன்பான நண்பரே, உங்கள் முட்கரண்டி உடைந்ததற்கு ஆழ்ந்த வருத்தம். உங்கள் உடல் நலமா? புதிய முட்கரண்டி இலவசமாகப் புறப்படும்."

நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபின் பார்த்தால், முதல் கேள்வியே என் உடம்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். குறை எப்படித் தெரிந்தது என்றும் கேட்டிருந்தார்கள். டைல்ஸ் ஒட்டும் ஒரு பெண் விரலால் தட்டிச் சொன்னார் என்று எழுதினேன். அதற்கு வந்த பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "எங்கள் தர ஆய்வாளர் உங்கள் ஓடு சகோதரிக்கு வணக்கம் தெரிவிக்கிறார். அவரும் இனி விரலால் தட்டுவார்."

மூன்று வாரத்தில் புது ஃபோர்க் வந்தது. பெட்டிக்குள் "சகோதரிக்கு" என்று தமிழில் அச்சடித்து ஒட்டிய ஒரு சின்னப் பொட்டலம். சிவப்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குஞ்சம் வைத்த ஓர் அலங்காரம்.

அக்கா அப்போது அரியலூரில் ஒரு புது வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். ஃபோர்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்ன சார் அது, துப்பாக்கியா?" என்று கேட்டார். கட்டட வாசலில் நான் துண்டைப் பிரித்ததும் வேலையாட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே கை கழுவி வந்தார். மணல் குவியலில் உட்கார்ந்து, மடியில் வைத்து, காதைச் சாய்த்து, இரண்டு கால்களையும் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கூட மண்வெட்டியை நிறுத்திவிட்டார்.

"கணீர்னு இருக்கு சார். ரெண்டும் ஒண்ணுதான். தைரியமா ஓட்டுங்க."

வேலையாட்கள் கை தட்டினார்கள். குஞ்சத்தைக் கொடுத்தேன். "சீனாலேருந்து எனக்கா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, அப்போதே மொபெட் கண்ணாடியில் கட்டிக்கொண்டார்.

இருந்தாலும் பட்டறை வைஸில் கட்டி, இந்த முறை முழு எடையையும் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்த ஞாயிறு விடியலில் கிளம்பினேன். அரியலூர் தாண்டி வெள்ளை மண் பாதையில் இறங்கியதும் டயர் சரசரவென்று பாட ஆரம்பித்தது. நானே தேர்ந்தெடுத்து, நானே பூட்டிய வண்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. கொள்ளிடக் கரையில் எதிர்க்காற்று. பள்ளிக்கூடத்து நாட்களுக்குப் பிறகு அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே நான் சைக்கிள் மிதித்ததில்லை. ஏலாக்குறிச்சி போய் இறங்கியபோது தலைமுதல் கால்வரை சுண்ணாம்பு. மாமியார் வாசலில் நின்று, "யாருங்க நீங்க?" என்றார். உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லை.

அக்காவுக்கு அதன்பின் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டு வேலை கிடைத்தது. நான் சொல்லித்தான் என்று மனைவி சொல்கிறார். ஒட்டிய தரை சொல்லித்தான் என்பது என் எண்ணம்.

இப்போதும் வகுப்பில் யாராவது எனக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால், "உக்காரு" என்று சொல்லத்தான் வாய் முதலில் வருகிறது. அதை விழுங்கிவிட்டு, "தெரியலப்பா, வா, சேந்து பாப்போம்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், நான் உயிரோடு நிற்பதே அப்படி ஒரு கேள்வியால்தான் என்று மனது சந்தோஷமாக நினைத்துக்கொள்கிறது.