சோறு கடைசியில்

எண்பதுகளின் கடைசியில் கோப்பன்ஹேகனில் இருந்த ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக்கடையின் அடுப்படியை முக்கால் மணி நேரம் முடக்கி வைத்த ஆள் நான்தான்.

அப்போது எனக்குத் தண்ணீர்ப் பம்புக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஜப்பானிலிருந்து பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். என் மெஷினில் பழுது குறைவு என்று முதலாளி பெருமையடிக்க, அந்த மெஷின்காரனையும் விருந்துக்குக் கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். எனக்கு விருந்தில் அக்கறையில்லை. முதலாளியின் கையெழுத்துத்தான் வேண்டும். மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் பதினொரு மாதமாகப் பதிலில்லாமல் கிடந்தது. நிரந்தர வேலை உண்டென்று முதலாளி கடிதம் தந்தால் அலுவல் நகரும் என்றார்கள். தட்டச்சுச் செய்த கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது.

நகரத்துக்கு வெளியே புரொண்பியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பொடியன் தன் டையை எனக்குக் கட்டிவிட்டபடி புத்தி சொன்னான். "வெறும் வயித்தோட இருக்கிறவனிட்டை ஒண்டும் கேக்கக்கூடாது அண்ணை. சோறு சாப்பிடேக்க மெல்லக் கேளுங்கோ. ஓம் எண்டுவான்."

மேசையில் மூன்று பேர்: நான், முதலாளி, அந்த ஜப்பானியர். உள்ளங்கையளவு கிண்ணத்தில் இரண்டு போஞ்சிக்காய் வந்தது. அடுத்து தெளிந்த சூப். அதற்கடுத்து பச்சை மீன் துண்டுகள். கறிகளை முதலில் வைக்கிறார்கள், சோறு பின்னால் வருகிறது என்று நினைத்தேன். சோறில்லாமல் கறியைத் தின்பது எங்கள் பக்கத்தில் சாராயம் குடிக்கிறவர்கள் செய்யும் வேலை. கையெழுத்துக் கேட்க வந்த இடத்தில் அந்தப் பெயர் எனக்குத் தேவையா? ஒன்றையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஜப்பானியர் என் முன்னால் நிறைந்திருந்த மூன்று கிண்ணங்களையும் பார்த்தார். என் சமயத்தில் ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தன் குச்சிகளை மெல்லக் கீழே வைத்தார். வாடிக்கையாளரே வைத்த பிறகு முதலாளி என்ன செய்வார்? அவரும் வைத்தார். பாவம், அவருக்கு நல்ல பசி.

பரிமாறும் பெண் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சமையல்காரரும் ஒருமுறை வந்து பார்த்தார். முதலாளி வானிலையைப் பற்றிப் பேசி முடித்து மறுபடியும் அதையே தொடங்கினார்.

பொறுமை கெட்டு அந்தப் பெண்ணிடம் சோறு எப்போது வரும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்கள் எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு. சோறுதான் கடைசி," என்றாள்.

வெட்கத்தில் காது சுட்டது. மூன்று கிண்ணத்தையும் ஒரே மூச்சில் காலி செய்தேன். மற்ற இருவரும் மீன் மேல் பாய்ந்தார்கள். பிறகு சுட்ட மீனும் அவித்த பூசணியும் மளமளவென்று வந்து போயின. கடைசியாகச் சோறு வந்தது, ஒரு கைப்பிடி. அதற்குள் கறியெல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கடிதத்தை நீட்டினேன்.

முதலாளி வாசித்தார். அவர் முகம் மாறியது.

"இதற்காகவா இவ்வளவு நேரம் பட்டினி கிடந்தாய்? என் அறைக்கு வந்து கேட்டிருக்கலாமே," என்றார்.

நான் மறுக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். தானும் சாட்சியாகப் போடட்டுமா என்று ஜப்பானியர் கேட்டார்.

அடுத்த நாளே கடிதத்தை அனுப்பினேன். ஒன்றும் நகரவில்லை. தன் கடிதத்தில்தான் குறை என்று நினைத்து முதலாளி இன்னும் இரண்டு எழுதித் தந்தார். பிறகு டென்மார்க் முழுதும் அந்த விவகாரத்தைத் தமிழர் வழக்கு என்று பேசியபோதுதான் தெரிந்தது, குடும்பத்தைக் கூப்பிடும் தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைத் தொடவேண்டாம் என்று நீதி அமைச்சரே சொல்லிவைத்திருந்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மனைவி வந்து சேர மேலும் இரண்டு வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு கடிதத்திலும் "இன்னும் ஒரு பத்திரம் தேவையாம்" என்றே அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளிடமிருந்து மூன்றே வரி வந்தது.

"நீங்கள் விண்ணப்பம் போடவில்லை எண்டு எனக்கு விளங்குது. அங்கை வேறை ஆரும் இருந்தால் சொல்லிப்போடுங்கோ. நான் அழமாட்டன்."