மாமாவின் எட்டுச் சிலிண்டர்

என் மனைவியின் தகப்பனார், அதாவது என் மாமா, தெற்கில் ஒரு பட்டணத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோக, ஒரு கைப்பையோடு சொந்த ஊரான சரவணைக்கு வந்து சேர்ந்தார். ஊரில் அவருக்கு இருந்தவை ஒரு கல்வீடு, கொஞ்சம் பனங்காணி, பின்வளவுக் கொட்டிலுக்குள் ஒரு அமெரிக்கக் கார். பெற்றோல் விலை ஏறிய காலத்தில் ஓட்டிவந்து நிறுத்தியது. அதன் நீளத்துக்கு எங்கள் ஒழுங்கைகளில் திரும்ப இடமில்லை. பின்சீற்றில் மாமியின் கோழிகள் பல தலைமுறையாக அடைகாத்திருந்தன.

நான் அப்போது வேலணையில் தண்ணீர் பம்புகள் திருத்திக்கொண்டிருந்தேன். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமா கேட்டால் மறுக்க முடியாத காலம்.

"தம்பி, உம்மடை பம்புக்கு ஒரு சிலிண்டர். இதுக்கு எட்டு. அதே வேலையை எட்டுத்தரம் செய்யிறதுதானே?" என்றார்.

அதே வேலை இல்லை என்பது பொனெற்றைத் திறந்ததுமே தெரிந்தது. உள்ளே சட்டி பானை அடுப்போடு ஒரு குசினியே இருந்தது. மாதக்கணக்கில் கழற்றினேன், கழுவினேன், பூட்டினேன். மீந்த சில ஆணிகளை மாமா காணாமல் சாரத்து மடிக்குள் போட்டுக்கொண்டேன். ஒருநாள் பின்னேரம் எஞ்சின் இருமி, கறுப்புப் புகையைக் கக்கி, உறுமத் தொடங்கியது. கோழிகள் சிதறின. மாமி குசினிக்குள் இருந்து ஓடிவந்து, "என்ன கோதாரி விழுந்தது?" என்றார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புகையாகவும் இருக்கலாம்.

பெயின்ற் வேலையை மாமா தானே எடுத்துக்கொண்டார். ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற். தும்புத்தடி போன்ற ஒரு தூரிகையால் அடித்தார். கண்ணாடிகளைத் தவிர எதையும் விட்டுவைக்கவில்லை. அதிலும் ஒரு கண்ணாடி தப்பவில்லை.

ஆனால் கார் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடும். பிறகு திக்கும், விக்கும், நின்றுவிடும். காபரேற்றரைத் துடைத்தேன். பிளக்குகளை மாற்றினேன். கடைசியில், எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிப் போகிறது என்று முடிவுகட்டினேன். பெற்றோல் பம்பின்மேல் ஈரச்சாக்கைச் சுற்றினேன். மறுபடி ஸ்டார்ட் வந்தது! அதன்பின் நின்ற இடமெல்லாம் ஈரச்சாக்குத்தான். நான் முன்னால் சாக்கோடு நிற்க, மாமா பின்னால் போய், மூடியைத் திறந்து, நீளமான பனை ஈர்க்கைப் பெற்றோல் ராங்குக்குள் விட்டு அளவு பார்த்து, "எண்ணை கிடக்கு, கிடக்கு" என்று சொல்லிவிட்டு வருவார். பெற்றோல் இருப்பது எனக்கும் தெரியும். அவருக்கும் ஏதாவது ஒரு வேலை வேண்டும்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் என் மச்சாளை, அதாவது மனைவியின் தங்கையை, பெண்பார்க்க நெடுந்தீவில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. மாமா விடுவாரா? அவர்களைக் குறிகட்டுவானில் இருந்து காரில்தான் கூட்டிவர வேண்டும் என்றார். போகும்போது வழமைபோல நின்றது, வழமைபோலப் புறப்பட்டது. இறங்குதுறையில் பார்த்தால், மாப்பிள்ளை, தாய் தகப்பன், அக்கா, அத்தான், ஒரு பெரியப்பா என்று படகில் இருந்து ஒரு படையே இறங்கியது. மாமாவுக்குக் காரில் இடமில்லை. "நான் பஸ்ஸிலை வாறன். நீர் கவனமாக் கொண்டுபோம்" என்றார்.

புங்குடுதீவைத் தாண்டிக் கடல்மேல் போகும் பாலத்தின் நட்டநடுவில் கார் நின்றது.

சாக்கை நனைத்துச் சுற்றினேன். வரவில்லை. இன்னொருதரம் நனைத்தேன். வரவில்லை. தண்ணீர்ப் போத்தலை முழுவதும் ஊற்றினேன். எஞ்சின் குளித்ததுதான் மிச்சம். மாப்பிள்ளையின் தாய் சேலையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "தம்பி, பொம்பிளை பாக்கக் கூட்டிக்கொண்டு போறியளோ, கடல் பாக்கவோ?" என்று கேட்டார். பெரியப்பா பழையகாலக் கார்களைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். அந்த இரும்பு ஒரு முழம்தான் நகர்ந்தது.

பின்னால் பஸ் வந்தது. எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. யன்னலுக்கு வெளியே மாமாவின் தலை.

"தம்பி, எண்ணை பாத்தனீரே?"

"எண்ணை கிடக்கு மாமா!"

"பாத்தனீரோ எண்டு கேட்டனான்!"

பஸ் போய்விட்டது. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. இவ்வளவு பேருக்கு முன்னால், எண்ணெய் பார்க்காமல் வந்தவன் என்று ஆக்கிவிட்டார். பார்த்துத்தான் காட்டுவோம் என்று பின்னால் போய் மூடியைத் திருகினேன். இறுகிப்போய் இருந்தது. பலத்தைப் போட்டுத் திருக, "உஸ்ஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திறந்தது. சோடாப் போத்தல் காற்றை வெளியே விடும். இது உள்ளே இழுத்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். துளை இருந்த இடத்தில் தடித்த பச்சைப் பெயின்ற். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லை. ராங்க் பெற்றோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளும் காரை ஓட வைத்தது என் ஈரச்சாக்கு அல்ல. மாமா தன் ஈர்க்கை விடுவதற்காக மூடியைத் திறந்ததுதான்.

மாப்பிள்ளையின் தாயிடம் ஒரு ஊசி வாங்கித் துளையைக் குத்தித் திறந்தேன். சாவியைத் திருப்பியதும் எட்டுச் சிலிண்டரும் ஒன்றாய் உறுமின. பெரியப்பா பேச்சை நிறுத்தினார்.

வீட்டு வாசலில் மாமா எங்களுக்காகக் காத்து நின்றார். தனியாக அழைத்துச் சொன்னேன். முகம் வாடும் என்று நினைத்தேன்.

"ஓம், அந்த ஓட்டையை நான்தான் அடைச்சனான். மழைத்தண்ணி போகுமெல்லே?"

"மூடியைத் திறக்கேக்கை உஸ்ஸெண்டு சத்தம் கேக்கேல்லையே மாமா?"

"ஒவ்வொருக்காலும் கேட்டது. அமெரிக்கன் கார் அப்பிடித்தான் மூச்சு விடுமாக்கும் எண்டு இருந்திட்டன்."

மச்சாளுக்கு அந்த இடமே சரிவந்தது. வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் தள்ளியவன் என்று கேள்விப்பட்டதும் அவள் ஓம் என்றுவிட்டாள். கலியாணத்தன்று கார் எங்கும் நிற்கவில்லை. தாலிகட்டு முடிந்து குறிகட்டுவானுக்கு ஒரே ஓட்டமாய்ப் போய், படகு வருவதற்கு வெகு முன்பே சேர்ந்துவிட்டோம். மாப்பிள்ளை பெண்ணோடு எல்லோரும் வெயிலில் காய்ந்தோம்.

மாமாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கார் நின்ற இடத்தில் நாலு பேர் கூடுவார்கள். தேத்தண்ணி வரும். யார் எவரென்று விசாரிப்பார்கள். மாமா கதை சொல்வார். இப்போது எல்லோரும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சில கிழமை கழித்து, வேலையால் சைக்கிளில் வரும்போது சரவணைச் சந்தியில் அந்தப் பச்சைக் காரைக் கண்டேன். பொனெற் திறந்திருந்தது. சுற்றிவர ஐந்தாறு பேர். நடுவில் மாமா, கையில் தேத்தண்ணியோடு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி, "என்ன மாமா, திரும்ப நிண்டிட்டுதோ?" என்றேன்.

"இல்லைத் தம்பி, சும்மா ஆறட்டுமெண்டு விட்டனான். நீர் போம்" என்றார்.

போகவில்லை. சைக்கிளைக் காரில் சாய்த்துவிட்டு நானும் ஒரு தேத்தண்ணி சொன்னேன்.