குளிர் அறைக் கதவு

நியூசிலாந்தில் பனியாற்றின் ஓரமாக நான்கு மணி நேரம் நடக்கலாம், வாருங்கள் என்று மகள் அழைத்திருந்தாள். எழுபத்து மூன்று வயதில் அந்தக் குளிரைத் தாங்குவேனா? மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரான உலு திராமில் நான் வழக்கமாக மீன் வாங்கும் மொத்தக் கடைக்குப் போய், குளிர் அறைக்குள் சற்று நிற்க அனுமதி கேட்டேன்.

அங்கே வேலை செய்தவர் தலையில் காதை மூடும் கம்பளித் தொப்பியும் காலில் வெறும் சிலிப்பருமாக இருந்தார். உள்ளே போகுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து கதவைத் திறக்க உதவும் பிடியை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார். நான் காத்திருந்தபோது ஒன்பது முறை போனார், பதினெட்டு அசைவு.

"அலமாக், ஐயா! நாங்க எப்படா வெளிய வருவோம்னு இருக்கோம், நீங்க உள்ள போகணும்ங்கிறீங்க!" என்று சிரித்துத் தன் மேலங்கியை எனக்கு மாட்டிவிட்டார்.

முந்நூறு எண்ணும்வரை நின்றேன். வெளியே வந்து, "தாங்கிட்டேன். பனியாத்துக்குப் போலாம்தானே?" என்றேன்.

அவர் யோசித்தார். "போங்க லா. ஆனா முந்நூறு ஆனதும் கதவத் திறந்துட்டீங்க. அங்க கதவு எங்க ஐயா இருக்கும்?"

கேலியா, எச்சரிக்கையா, தெரியாமல்தான் கேட்டாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு, பிடியை இரண்டு தடவை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் மகளிடம் போனில், "வருகிறேன்" என்றேன். கூடவே, பாதியில் திரும்ப எத்தனை இடத்தில் வழி உண்டு என்று கேட்டேன்.

"என்னப்பா கேள்வி இது?" என்றாள்.

அது என் கேள்வி இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.