அறுந்துபோன பெல்ட்

யுத்த காலத்தில் நாமக்கல் சாலையில் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் மேற்பார்வையாளர். ஜவ்வரிசிக்கான மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கினால் மறுநாளே அரைத்தாக வேண்டும், வைத்தால் கருத்துவிடும். யார் என்றைக்குப் பிடுங்கலாம் என்று விவசாயிகளுக்குச் சொல்லியனுப்புவது என் வேலை.

அப்படிச் சொல்லித்தான் பக்கத்து ஊர்க் கணவனும் மனைவியும் தங்கள் காட்டில் விளைந்த கிழங்கு முழுவதையும் பிடுங்கி வண்டிகளில் கொண்டுவந்தார்கள். அவர்கள் வரும்போது இயந்திரத்தின் பெல்ட் அறுந்து கிடந்தது. புதியது மதராஸிலிருந்து வரவேண்டும். ரயிலிலோ ராணுவச் சரக்குக்குத்தான் முதலிடம்.

"வேற ஆலைக்குக் கொண்டுபோங்க" என்றேன்.

"உங்களுக்குன்னுதானுங்க நட்டோம். இனி எங்கீங்க போறது?" என்றாள் அந்த அம்மாள்.

பழைய பெல்ட்டைத் தைத்து மாட்டினோம். கொஞ்சம் ஓடி மறுபடி அறுந்தது. அவர்கள் ஆலை வாசலிலேயே காத்திருந்தார்கள். கடைசியில் கருத்த கிழங்கைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு மறுபடி மரவள்ளி நடச் சொல்லி நானே அவர்கள் வீடு தேடிப் போனேன். மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி, சோளம் வெதச்சுட்டோம். ஊட்டுல திங்கவாவது ஆகுமுங்க" என்றார் கணவர்.

மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பிறகு அந்தப் பக்கமெல்லாம் மரவள்ளி பரவியது. நான் வேலையை விடும்வரை அவர்கள் காட்டில் மட்டும் சோளம்தான் நின்றது. பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.