சக்கைச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனால் முதலில் அத்தானின் பேச்சைத் தின்று தீர்க்க வேண்டும். சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

அத்தானுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். பெரிய கைகளாகப் பார்த்துப் பெரிய உணவகங்களுக்கு அழைத்துப் போய், கம்பெனி செலவில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வருவதும் அந்த உத்தியோகத்தில் சேர்த்தி. தின்றால் போதாதா? அதை ஊருக்கெல்லாம் தரம் பிரித்துச் சொல்லியாக வேண்டும். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பன்னெண்டாம் மாடி ஓட்டல் இருக்கே, அங்க உக்கார்ற இடம் பிரமாதம். ஆத்தங்கரையில புதுசா ஒருத்தன் திறந்திருக்கான், அவன் தட்டு இவ்ளோ பெருசு, கறி இத்தனூண்டு. ஆனா அந்த சாஸு இருக்கு பாரு, ஆஹா! இருந்தாலும் ஸ்டேக்னு சொன்னா பழைய ஸ்டேக் ஹவுஸ்தாம்மா. அது முதல் இடம். மத்ததெல்லாம் அப்புறம்."

எதிரே உட்கார்ந்திருக்கும் கொழுந்தியாள் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் அக்காளின் குடும்பத்தில் சண்டை வரும். இந்த மூன்று கடைகளில் ஒன்றின் வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனால் அத்தானைவிட அவளுக்கு அதிகம் தெரியும். மூன்று கடைகளின் அழுக்கு மூட்டையும் அவள் மேசைக்குத்தான் வருகிறது.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய லாண்டரி. நாற்பது உணவகங்களின் மேசை விரிப்பும், மடியில் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துணியும் அங்கே வரும். மெஷினில் போடுமுன் ஒவ்வொரு துணியையும் உதறிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பூன் கிடக்கும், பல்குத்தி கிடக்கும், ஒரு தடவை பல் செட்டே கிடந்தது. அந்தப் பிரிக்கும் மேசையில் அவள் பதினோரு வருஷமாக நிற்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'நீதிபதி'. எதையும் ஒரு பார்வை பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மாற்றிச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

துணியை விரித்தால் அதற்குள் இருக்கும் உண்மை. மெல்ல முடியாத கறியைப் பெரிய மனுஷர்கள் தட்டில் துப்ப மாட்டார்கள், கௌரவம் போய்விடும். வாயைத் துடைக்கிற மாதிரி துணியை எடுத்து, அதற்குள் சக்கையைத் துப்பி, நாசூக்காக மடித்து வைத்துவிட்டு, "சூப்பர்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தூ! இவர்களுக்கு ஒரு கோட்டு, ஒரு டை. பன்னிரண்டாம் மாடி ஓட்டலின் மூட்டையை அவிழ்த்தால் சக்கை சக்கையாகக் கொட்டும். ஆற்றங்கரைக்காரன் துணியில் சக்கை இருக்காது. துப்புவதற்காவது கறி வேண்டுமே! அவன் துணியில் சாஸ்தான் திட்டுத் திட்டாக இருக்கும்.

மாட்டுக்கறி வாட்டிப் போடும் பழைய ஸ்டேக் ஹவுஸ் முதலாளி மட்டும் விவரமான ஆள். வாடிக்கைக்காரன் வாயால் சொல்வதை அவர் நம்புவதில்லை. துப்புவதைத்தான் நம்புவார். அதனால் லாண்டரி மேஸ்திரியிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மத்தியானத்து மூட்டையில் எத்தனை சக்கை, சாயங்கால மூட்டையில் எத்தனை என்று எண்ணி, வாரக் கடைசியில் ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. யார் எண்ணுகிறார் என்று கடையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. திங்கட்கிழமை காலை அந்தச் சீட்டைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார். அடுப்புக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் கறி வாட்ட வேண்டும்.

அந்த மத்தியானத்து அடுப்புக்காரர் நீதிபதியின் புருஷன்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்பில் நிற்கிறார். லாண்டரியில் இஸ்திரி போடுவதாகத்தான் அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். சீட்டு எழுதுகிறவனை அவர் திட்டும்போதெல்லாம் ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டுக்கொள்வாள்.

"எச்சிலை எண்றவனுக்கு என்னடி தெரியும் கறியைப் பத்தி? மூணுன்னு எழுதியிருக்கான். அதுல ஒண்ணு வெறும் கொழுப்பா இருந்திருக்கும்!"

"ஆமாங்க, கண்ணு தெரியாத கழுதையா இருப்பான்" என்று அவளும் ஒத்து ஊதுவாள். உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். பெருமையாகவும் இருக்கும். வாரத்துக்கு மூன்று சக்கை என்பது சும்மாவா? நாற்பது கடையில் எவனுக்கும் அந்தக் கை கிடையாது. அவர் கறியைக் கத்தியால் கீறிப் பார்க்கிறவர் இல்லை. ஆள்காட்டி விரலால் ஒரு அமுக்கு. உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று அந்த விரல் சொல்லிவிடும்.

ஒரு வாரம் மத்தியானத்து மூட்டையில் ஒன்பது சக்கை விழுந்தது.

நீதிபதிக்கு வந்ததே கோபம்! அவர்மேல் இல்லை, தின்றவர்கள்மேல். "பல்லுப் போன கிழங்களெல்லாம் மாட்டைத் திங்க வந்தா இப்படித்தான்" என்றாள். அடுத்த வாரம் பதினைந்து. கறி போடுகிற கசாப்புக்காரனின் வம்சத்தையே இழுத்தாள். ஆனால் அதே கசாப்புக்காரனின் கறிதான் சாயங்காலமும் அடுப்புக்குப் போகிறது. சாயங்கால மூட்டையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த அடுப்பில் நிற்பவள் பாத்திரம் கழுவ வந்து, பன்னிரண்டு வருஷத்தில் மெள்ள மெள்ள அடுப்புக்கு ஏறியவள். நீதிபதி அவளைக் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய துணிகளைத்தான் தெரியும். கையில் வேலை இருக்கிறவள் என்று தெரியும்.

அப்புறம் ஒரு நாள் காலையில் வீட்டில் பால் பொங்கியது. அவர் ஓடிவந்து கொதிக்கிற பாத்திரத்தை வெறும் கையால் தூக்கி, நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு 'ஸ்' இல்லை, கையை உதறவில்லை. சாயங்காலம் பார்த்தால் மூன்று விரலில் கொப்புளம்.

"சுடலையா உங்களுக்கு?"

"நெருப்புலயே நின்ன விரலு. இதெல்லாம் ஒரு சூடா?" என்று சிரித்தார்.

சர்க்கரை இருக்கிற உடம்பு. விரல் மரத்துப்போயிருக்கிறது. அமுக்கிப் பார்க்கிற விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அது தெரியுமா தெரியாதா என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றாள். போனமாதம்தானே போனோம் என்றார்.

அந்த வாரம் மத்தியானத்து மூட்டையில் இருபத்தொன்று விழுந்தது, சாயங்கால மூட்டையில் இரண்டு. எண்ணி முடித்தாள், சீட்டை இன்னும் எழுதவில்லை. அன்றைக்கு முந்தின நாள்தான் அவர் சொல்லியிருந்தார்: "முதலாளி கடையைச் சின்னதாக்கப் போறாராம். இனி ரெண்டு வேளைக்கும் ஒரே அடுப்புக்காரர்தான். இந்த வாரச் சீட்டையும் பார்த்துட்டு, ரெண்டு பேர்ல யாருன்னு சொல்றாராம்." குரலில் கலக்கமே இல்லை. "பார்ப்போம், அந்த எச்சில் பொறுக்கி என்ன எழுதறான்னு."

ஐம்பத்தாறு வயசு. அந்த அடுப்பை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. வீட்டில் ஒரு முட்டை பொரிக்கச் சொன்னால்கூட, "அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்பார். அடுப்பு என்றால் அவருக்கு அந்த ஓர் அடுப்புதான்.

நீதிபதி பேனாவை எடுத்தாள். மத்தியானம், இரண்டு. சாயங்காலம், இருபத்தொன்று. எழுதி மடித்து மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யாரென்றே தெரியாத ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டாகிவிட்டது. போனால் போகட்டும், அவளுக்கு வயசு இருக்கிறது, வேறு கடை பார்த்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் வீடு வரைக்கும்கூட வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. அத்தான் வழக்கம்போலக் காலை நீட்டினார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்காரர் அடுப்புலதான் சாப்பிட்டேன். அடடா! என்ன கறி, என்ன பதம்!"

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துத் துணிகள் நீதிபதிக்கு நன்றாக நினைவிருந்தன. ஒரு துணி, தபால் உறை மாதிரி நாலு மூலையும் உள்ளே மடித்து வைத்திருந்தது. உள்ளே மூன்று சக்கை, காய்ந்த தோல் மாதிரி. உலகத்தில் துணியை அப்படி மடிக்கிறவர் ஒரே ஒருத்தர்தான், இதோ சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வீட்டுத் துண்டுகூட அப்படித்தான் மடித்துக் கிடக்கும்.

"மிச்சம் எதுவும் வெச்சீங்களா, அத்தான்?"

"மிச்சமா? தட்டை நக்காத குறைதான்!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மெதுவாகக் கேட்டார்: "கறி கொஞ்சம் இறுகியிருந்திருக்குமே, சகலை?"

"சேச்சே! யார் சொன்னது? வெண்ணெய்! அந்தப் பன்னெண்டாம் மாடிக்காரன் உங்ககிட்ட வந்து கத்துக்கணும்."

புருஷன் முகத்தில் ஒரு தெளிவு வந்து போனதை அவள் பார்த்தாள். கூசாமல் இப்படிப் பச்சைப் பொய் சொல்கிற இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்? வாயில் ஒன்று, மடியில் ஒன்று! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் நேற்று எழுதிய சீட்டு ஞாபகம் வந்தது. அத்தானாவது சொந்தச் சக்கையை மறைத்தார். இவள் இன்னொருத்தி தலையில் அல்லவா கட்டிவிட்டு வந்திருக்கிறாள். எழுந்து அக்காளுக்குத் தட்டெடுத்து வைக்கப் போய்விட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டிருந்தாள். நாலு மணிக்குச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் இறங்குமுன் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அன்று வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுப்பை விட்டுட்டேன்."

கத்தி நின்றது. "என்னது? யாரு விடச் சொன்னது? அந்த முதலாளியா? இருபத்திரண்டு வருஷம் உழைச்ச மனுஷனை..."

"அவர் சொல்லல. நானாதான்."

"அந்தச் சாயங்காலக்காரி ஏதாவது கோள் மூட்டினாளா? பாத்திரம் கழுவ வந்தவளுக்கு இவ்வளவு..."

"பாவம்டி அவ. சீட்டைப் பார்த்துட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால போய் நின்னு அழுதா. ஒரு வாரமா தன் கறி கெட்டுப்போனது தனக்கே தெரியலையே, எண்ணினவங்க தப்பாவா எழுதுவாங்கன்னு நெனைச்சா போல. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"சீட்டு உங்க பக்கம்தானே இருந்துது?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

அவர் சிரித்தார். "பதினோரு வருஷமா உன் கையெழுத்து என் தலைக்கு மேல தொங்குது. மளிகைச் சாமான் எழுதித் தர்றவ கை எனக்குத் தெரியாதா? எச்சில் பொறுக்கின்னு திட்டும்போது உன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கத்தான் திட்டுறதே."

நீதிபதி நறுக்கின வெங்காயத்தையே மறுபடியும் நறுக்கினாள்.

"ஒன்பதுன்னு போட்டே, நான் பயப்படல. கறி சரியில்லைன்னு நெனைச்சேன். பதினஞ்சுன்னு போட்டே, அப்பவும் நாளைக்குச் சரியாயிடும்னு இருந்தேன். சகலை வேற வெண்ணெய்னு சொன்னாரா, நம்பிட்டேன். ரெண்டுன்னு போட்டே பாரு... அப்பதான் முடிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுது. யாரு கெஞ்சினாலும் ஒரு சக்கையைக் குறைச்சு எழுத மாட்டே நீ. நீயே பொய் எழுதறேன்னா, அந்த மூட்டை எந்த லட்சணத்துல இருந்திருக்கணும்?"

"முதலாளிகிட்ட என்ன சொன்னீங்க?"

"இருபத்தொண்ணும் என்னோடதுன்னு சொன்னேன். சீட்டுல வேளை மாறியிருக்கு, அடுப்பை அந்தப் பொண்ணுக்கே குடுங்கன்னேன். எழுதினது யாருன்னு கேட்டாரு. எனக்கெப்படிங்க தெரியும்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயம் பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஊரில் உள்ள பொய்யனையெல்லாம் நாக்கால் கிழித்துத் தொங்கவிட்டவள் அவள். இப்போது தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல கெட்ட வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"இனி என்ன பண்ணுவீங்க?"

"உருளைக்கிழங்கு தோல் சீவறதுக்கு ஆள் வேணுமாம். வெச்சுக்கறேன்னாரு. அதுக்கு விரல் என்னத்துக்குன்னு நெனைச்சேன். இன்னிக்கே ரெண்டு மூணு இடத்துல சீவிக்கிட்டேன் போல. உருளைக்கிழங்கெல்லாம் செவப்பா இருக்குன்னு யாரோ சொன்னப்புறம்தான் பார்த்தேன்."

கையைப் பிடித்துத் திருப்பினாள். மூன்று விரலிலும் ரத்தம் காய்ந்திருந்தது. குழாயடியில் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து மருந்து பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். எரியும் என்று பயப்படுகிற பிள்ளை மாதிரி அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அந்த விரலைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுதுடி, மெதுவா" என்றார் அவர்.

பாட்டிலின் மூடியை அவள் இன்னும் திறக்கவே இல்லை.